அண்டர் 19 உலகக்கோப்பை: 2024 வரை 9 ஃபைனல், 5 கோப்பை... காரைக்கால் பையனுக்கு இந்திய ஜெர்சி எவ்வளவு தூரம்?

காரைக்காலில் இருந்து வடக்கே நண்டலாறு பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினாலும் தமிழ்நாடுதான். ஆனா கிரிக்கெட்டில் இந்த எல்லைக்கு பெரிய அர்த்தம் இருக்கு. நாகூர் பையன் தமிழ்நாடு அணிக்கு முயற்சி செய்யலாம். காரைக்கால் பையன் போக வேண்டியது புதுச்சேரி அணிக்கு. அங்கிருந்து இந்திய அண்டர் 19 அணிக்கு எப்படி போவது? முதலில், அந்த அணி இதுவரை என்ன சாதிச்சிருக்கு? பார்க்கலாம்.

இந்தியாவின் ரெக்கார்டு என்ன?

ஆண்களுக்கான அண்டர் 19 உலகக்கோப்பை முதன்முதலில் 1988-ல் ஆஸ்திரேலியாவில் நடந்தது. அடுத்த தொடருக்கு 10 ஆண்டு இடைவெளி. 1998-ல் இருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 2024 வரை நடந்தவை மொத்தம் 15 தொடர்கள். அவற்றில் இந்தியா 9 முறை ஃபைனலுக்குப் போய், 5 முறை கோப்பையை வென்றது. அடுத்த இடத்தில் உள்ள ஆஸ்திரேலியாவிடம் 4 கோப்பைகள்.

2024 வரை வென்ற ஆண்டுகள்:

2000: கேப்டன் முகமது கைஃப். கொழும்பில் இலங்கையை வீழ்த்தியது. தொடர் நாயகன் யுவராஜ் சிங்.

2008: கேப்டன் விராட் கோலி. மலேசியாவில் நடந்த ஃபைனலில் தென்னாப்பிரிக்காவை 12 ரன்னில் வென்றது.

2012: கேப்டன் உன்முக்த் சந்த். ஃபைனலில் அவரே 111 ரன் அடித்து ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் தோற்கடித்தார்.

2018: கேப்டன் பிருத்வி ஷா. நியூசிலாந்தில் நடந்த தொடரில் மீண்டும் ஆஸ்திரேலியாவை வீழ்த்தியது.

2022: கேப்டன் யஷ் துல். வெஸ்ட் இண்டீஸில் நடந்த தொடர். நடுவில் கேப்டன், துணை கேப்டன் உட்பட பலருக்கு கொரோனா. 11 பேரைத் திரட்டுவதே சிரமமாக இருந்த நிலையில் இருந்து மீண்டு, ஃபைனலில் இங்கிலாந்தை வென்றது.

தோல்விகளும் இருக்கு

2006 ஃபைனலில் பாகிஸ்தானை 109 ரன்னுக்கு சுருட்டிய இந்தியா, பதிலுக்கு 71 ரன்னில் ஆல் அவுட். 2016-ல் வெஸ்ட் இண்டீஸிடமும், 2020-ல் வங்கதேசத்திடமும், 2024-ல் ஆஸ்திரேலியாவிடமும் ஃபைனலில் தோல்வி. 2020, 2024 இரண்டிலுமே ஃபைனல் வரை இந்தியா ஒரு மேட்ச்கூட தோற்கவில்லை.

பெண்கள் அணி எப்படி?

இன்னும் சூப்பர். பெண்களுக்கான அண்டர் 19 டி20 உலகக்கோப்பை 2023-ல்தான் தொடங்கியது. முதல் தொடரில் ஷஃபாலி வர்மா தலைமையிலும், 2025-ல் நிக்கி பிரசாத் தலைமையிலும் இந்தியாவே சாம்பியன். 2025 அணியின் விக்கெட் கீப்பர் பேட்டர் கமலினி, மதுரைப் பொண்ணு.

கோப்பை வென்றால் சீனியர் அணியில் இடம் நிச்சயமா?

இல்லை. 2008 அணியில் இருந்து கோலியும் ஜடேஜாவும் வந்தார்கள். 2018 அணியில் இருந்து சுப்மன் கில், அர்ஷ்தீப் சிங் வந்தார்கள். ஆனா 2012-ல் கோப்பையைத் தூக்கிய உன்முக்த் சந்த், இந்திய சீனியர் அணிக்கு ஒரு மேட்ச்கூட ஆடாமல் அமெரிக்கா போய்விட்டார். அதே தொடரில் காலிறுதி, அரையிறுதி இரண்டிலும் ஆட்ட நாயகன் நம்ம தமிழ்நாட்டின் பாபா அபராஜித். அவருக்கும் சீனியர் அணி வாய்ப்பு வரவில்லை. 2016-ல் ஃபைனலில் தோற்ற அணியில் இருந்த வாஷிங்டன் சுந்தர், அடுத்த ஆண்டே இந்திய ஜெர்சி போட்டார்.

அண்டர் 19 ஒரு கதவுதான். அதற்கப்புறம் ரஞ்சியிலும் ஐபிஎல்லிலும் தொடர்ந்து ரன் அடிக்கணும், விக்கெட் எடுக்கணும்.

காரைக்கால் பையன் எந்த வழியில் போகணும்?

2018-19 சீசனுக்கு முன் புதுச்சேரி பெயரில் ரஞ்சி அணியே கிடையாது. அந்த சீசனில் பிசிசிஐ 9 புதிய அணிகளைச் சேர்த்தது. பீகார், உத்தராகண்ட், வடகிழக்கு மாநிலங்களோடு புதுச்சேரிக்கும் இடம் கிடைத்தது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் பகுதி என்பதால் காரைக்காலுக்கும் இதே அணிதான்.

படிகள் இவை:

1. புதுச்சேரி கிரிக்கெட் சங்கம் நடத்தும் தேர்வில் கலந்துகொள்ளணும்.

2. அண்டர் 16-ல் விஜய் மெர்ச்சன்ட் டிராபி. இங்கே வயதை உறுதி செய்ய எலும்பு பரிசோதனை உண்டு.

3. அண்டர் 19-ல் இரண்டு தொடர்கள். ஒருநாள் போட்டிக்கு வினூ மன்கட் டிராபி, பல நாள் போட்டிக்கு கூச் பெஹார் டிராபி.

4. இங்கே நன்றாக ஆடினால் சேலஞ்சர் தொடர், பெங்களூரு கிரிக்கெட் அகாடமி முகாம். ஜூனியர் தேர்வுக்குழு அணியை எடுப்பது இந்தக் கட்டத்தில்தான்.

இதில் சாதகம் என்ன? பாதகம் என்ன?

சாதகம், போட்டி குறைவு. தமிழ்நாட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட மாவட்டங்களின் பசங்க ஒரே அணிக்கு மோதுகிறார்கள். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் நான்கே பகுதிகள்.

பாதகம், தூரம். காரைக்காலில் இருந்து புதுச்சேரி சுமார் 130 கி.மீ. நடுவில் இருப்பது முழுக்க தமிழ்நாடு. தேர்வுக்கும் முகாமுக்கும் போக, பஸ்ஸில் ஒரு வழிக்கே மூன்று, நான்கு மணி நேரம். பள்ளிக்கூடம் போகும் பையனோடு அப்பாவோ அம்மாவோ வேலையை விட்டுட்டுத்தான் போகணும்.

இன்னொன்று, வெளிமாநில வீரர்கள். ரஞ்சியில் ஒவ்வொரு அணியும் வெளியில் இருந்து மூன்று புரொஃபஷனல் வீரர்களை எடுக்கலாம். அதுபோக, ஓராண்டு வசிப்பிடம், படிப்பு, வேலை என்ற அடிப்படையிலும் வெளியூர்க்காரர்கள் பதிவு செய்ய வழி உண்டு. சின்ன சங்கத்தில் இப்படி நிரம்பும் ஒவ்வொரு இடமும் உள்ளூர் பையனுக்குக் குறையும் இடம். புதுச்சேரி கிரிக்கெட்டில் முதல் சீசனில் இருந்தே கிளம்பிய கேள்வி இது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது

பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் பிறந்த தேதி ஒன்றாக இருக்கணும். வயது வரம்பு செப்டம்பர் 1-ஐ வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஒரு சீசனில் ஒரே சங்கத்துக்குத்தான் ஆட முடியும். சங்கம் மாற தடையில்லாச் சான்று தேவை.

முக்கியமான விதி இன்னொன்று. 2016-ல் பிசிசிஐ எடுத்த முடிவின்படி, ஒரு வீரர் ஒரே ஒரு அண்டர் 19 உலகக்கோப்பையில்தான் ஆடலாம். அடுத்த தொடரில் புதுப் பையன்களுக்கு இடம் காலியாகும் என்பது இதில் நல்ல செய்தி. ஆனா ஒருவருக்கு இரண்டாவது சான்ஸ் கிடையாது. அதனால் 14, 15 வயதிலேயே சங்கத்தின் பதிவில் பெயர் இருக்கணும். 18 வயதில் தொடங்கினால் இந்த வண்டியைப் பிடிப்பது கஷ்டம்.