பெட்ரோல் குறைகிறது; தூரம் கூடுகிறது!

தாம்பரத்தில் புறப்படும்போது காரின் முகப்பில் "240 கி.மீ." என்று தெரிகிறது. டாங்கியில் இருக்கும் பெட்ரோலுக்கு இன்னும் 240 கிலோமீட்டர் ஓடலாம் என்று அர்த்தம்.

பெருங்களத்தூர், வண்டலூர், மறைமலை நகர் எல்லாம் போய், செங்கல்பட்டும் தாண்டியாகிவிட்டது. கார் ஓடிய தூரம் 36 கிலோமீட்டர்.

240-ல் 36 போனால் மீதி 204. பள்ளிக்கூடத்துப் பையன்கூடச் சொல்லிவிடுவான். ஆனால் முகப்பைப் பார்த்தால் 270 என்று இருக்கிறது!

பெட்ரோல் குறைந்திருக்கிறது. போகக்கூடிய தூரமோ கூடியிருக்கிறது! இது என்ன மாயம்?

மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. எல்லாம் ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல்.

டாங்கிக்குள் மிதவை

கார் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, டாங்கியில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பது.

அதற்காக டாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் குழாயை மூடுமே ஒரு பந்து, அதற்குத் தம்பி என்று சொல்லலாம். பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். மிதவையோடு ஒரு கம்பி அசையும். கம்பி அசைந்தால், அதன் வழியே போகும் மின்சாரம் கூடும் அல்லது குறையும். அதை வைத்துத்தான் அளவு தெரிகிறது.

ஆனால் மிதவை பொல்லாதது. கார் குலுங்கினால் அதுவும் குலுங்கும். மேம்பாலத்தில் ஏறினால் பெட்ரோல் ஒரு பக்கமாகச் சாயும். மிதவை பொய் சொல்லும். ஆகவே கார் அதன் பேச்சை உடனே நம்புவதில்லை. பல முறை கேட்டு, சராசரி பார்த்துத்தான் ஏற்றுக்கொள்ளும்.

குடித்தது எவ்வளவு?

அடுத்த கேள்வி: ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?

என்ஜினுக்குப் பெட்ரோலைப் பனிபோல் பீச்சும் சிறு குழல்கள் இருக்கின்றன. இன்ஜெக்டர் என்று பெயர். அவை எவ்வளவு நேரம் திறந்தன என்பதை, ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கி எண்ணிக்கொண்டே இருக்கிறது காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர். திறந்த நேரம் தெரிந்தால், பீச்சிய பெட்ரோலும் தெரியும். சக்கரம் சுற்றுவதை எண்ணினால் ஓடிய தூரமும் தெரியும்.

தூரத்தைப் பெட்ரோலால் வகுத்தால் மைலேஜ். மைலேஜை மிச்சப் பெட்ரோலால் பெருக்கினால், இன்னும் போகக்கூடிய தூரம். தீர்ந்தது கணக்கு!

இப்போது அந்த 240-க்கு வருவோம். டாங்கியில் 20 லிட்டர் இருந்தது. தாம்பரம் சந்தைப் பக்கமும், மேடவாக்கம் ரோட்டிலும் நின்று நின்று ஓடியதால், லிட்டருக்கு 12 கிலோமீட்டர்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. 20-ஐ 12-ஆல் பெருக்கினால் 240.

ஜி.எஸ்.டி. ரோட்டில் தடையில்லாமல் போனதும் லிட்டருக்கு 18 கிடைத்தது. 36 கிலோமீட்டருக்கு 2 லிட்டர் செலவு. மிச்சம் 18 லிட்டர். பழைய 12-ஐயும் புதிய 18-ஐயும் கலந்து, சராசரி 15 என்று கார் எடுத்துக்கொண்டது. 18-ஐ 15-ஆல் பெருக்கிப் பாருங்கள். 270!

முதுகுப் பக்கம் பார்க்கும் ஜோசியர்

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கார் முன்னால் உள்ள ரோட்டைப் பார்த்துச் சொல்வதில்லை. கடந்து வந்த ரோட்டைப் பார்த்துச் சொல்கிறது.

ஊருக்குப் போகும்போது இதனால் மோசம் இல்லை. திரும்பி வரும்போதுதான் ஆபத்து!

பொங்கல் முடிந்து ஒரு குடும்பம் சேலையூருக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பரனூர் சுங்கச்சாவடி வருகிறது. டாங்கியில் 3½ லிட்டர். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 18 கிடைத்ததால் முகப்பில் 63 தெரிகிறது. வீட்டுக்கு 30 கிலோமீட்டர்கூட இல்லை. "இரண்டு மடங்கு இருக்கிறதே, நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்" என்கிறார் அப்பா. பின்னால் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

அப்புறம்தான் நெரிசல். மறைமலை நகர், கூடுவாஞ்சேரி, கிளாம்பாக்கம் பஸ் நிலையம்... கார் ஊர்கிறது, நிற்கிறது, மறுபடி ஊர்கிறது. ஏ.சி. மட்டும் நிற்காமல் ஓடுகிறது. நின்ற இடத்திலேயே என்ஜின் பெட்ரோலைக் குடிக்கிறது. லிட்டருக்கு 6 கிலோமீட்டர்தான் கிடைத்தால், 3½ லிட்டருக்கு 21 கிலோமீட்டர். வண்டலூர்ப் பக்கம் கார் நின்றுவிடும்! நடுராத்திரி, நடு ரோடு, கைக்குழந்தை. பின்னால் ஆயிரம் ஹாரன்.

63 என்று கார் சொன்னது பொய் அல்ல. பழைய ரோடு அப்படியே நீண்டிருந்தால் அது மெய்தான்.

அந்தக் காலத்தில்

வண்டலூர், பெருங்களத்தூர் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1961-ல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அங்கே தயாரானதுதான். அதில் இருந்தது ஒரு முள் மட்டுமே. முள் இடது கோடிக்குப் போனால் டிரைவருக்கு வியர்க்கும். லாரிக்காரர்கள் குச்சியை விட்டு ஆழம் பார்த்தார்கள். ஸ்கூட்டர்காரர்களுக்கு "ரிசர்வ்" குழாய் இருந்தது. வண்டி திணறினால் அதைத் திருப்பிவிட்டு, நேரே பங்குக்குப் போவார்கள். கணக்கே வேண்டாம், நல்ல ஏற்பாடு!

தூரத்தை எண்ணாகச் சொல்லும் கருவி 1978-ல் அமெரிக்காவின் காடிலாக் செவில் காரில் வந்தது. அதுவும் கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்குத்தான். மறைமலை நகர் போர்டு தொழிற்சாலையில் 2013 முதல் தயாரான ஈகோஸ்போர்ட் வந்தபோது, நடுத்தரக் குடும்பங்களும் அந்த எண்ணைப் பார்க்கப் பழகிவிட்டன.

பூஜ்யம் என்றால் பூஜ்யமா?

இல்லை. கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் ஒளித்து வைக்கிறார்கள். முகப்பில் 0 வந்தாலும் டாங்கியில் சிறிது பெட்ரோல் இருக்கும். எவ்வளவு என்பது காருக்குக் கார் வேறுபடும். சில கார்கள் கடைசிக் கட்டத்தில் எண்ணையே காட்டாமல் வெறும் கோடு போட்டுவிடும். "இனி என்னை நம்பாதே" என்று அது சொல்வதாக வைத்துக்கொள்ளலாம்.

ஒளித்து வைத்ததை நம்பி ஓட்டுவதும் வீண் வேலை. இக்காலத்துக் கார்களில் பெட்ரோல் பம்பு டாங்கிக்குள்ளேயே, பெட்ரோலில் முங்கிக் கிடக்கிறது. அந்தப் பெட்ரோல்தான் பம்புக்குக் குளிர்ச்சி. டாங்கி அடிக்கடி வறண்டால் பம்பு சூடேறிக் கெடும்.

டீசல் கார் என்றால் இன்னும் தொல்லை. டீசல் தீர்ந்து நின்றால் குழாய்களில் காற்றுப் புகுந்துவிடும். கேனில் வாங்கி வந்து ஊற்றினாலும் கார் உடனே கிளம்பாது. "ஏர் பிடித்துவிட்டது" என்பார் மெக்கானிக். அந்தக் காற்றை வெளியேற்றிய பிறகுதான் என்ஜின் உறுமும்.