கொழுந்து மலையில் மூன்று நாள் நடை

மலையை வண்டியின் சாளரத்தினூடாகக் கண்டு மகிழ்வோர் பலர்; காலால் நடந்து அறிந்தோர் சிலரே. கண்டியிலிருந்து பதுளைக்குப் புகைவண்டியிற் செல்லும்போது தேயிலை மலைகள் பச்சைத் திரைச்சீலை போல ஓடி மறைகின்றன. அம்மலைகளின் மடியில் எத்தனை ஒற்றையடிப் பாதைகள், எத்தனை பீலிகள், எத்தனை கோயில்கள், எத்தனை லயங்கள் உள்ளன என்பதை அறிய வேண்டுமாயின் முதுகிற் பையை மாட்டிக்கொண்டு நடந்தே ஆகவேண்டும்.

அவ்வாறு நடக்க விரும்புவோர்க்கு இன்று நல்லதொரு வழி அமைந்திருக்கிறது. கண்டிக்கு மேலேயுள்ள ஹந்தானையில் தொடங்கி, மலைநாட்டை வளைந்து சுற்றி, நுவரெலியாவில் முடிவடையும் ‘பெக்கோ’ நடைபாதையே அது. அதன் நீளம் 300 கிலோ மீற்றருக்கும் அதிகம். அதனை 22 பகுதிகளாக வகுத்திருக்கின்றனர். ஒரு பகுதியை ஒரு பகற்பொழுதில் நடந்து முடிக்கலாம். ‘பெக்கோ’ என்பது தேயிலைத் தரங்களுள் ஒன்றின் பெயர். இளங்கொழுந்தின்மேற் படர்ந்திருக்கும் வெண்மயிரைக் குறித்த சீனச் சொல்லின் திரிபு.

பெயர்தான் புதிது, பாதை பழையது. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் தோட்டங்களில் வெட்டப்பட்ட பாதைகளையே பெரும்பாலும் ஒன்றோடொன்று இணைத்திருக்கின்றனர். அதன் முதல் மூன்று பகுதிகளை நாம் மூன்று நாட்களில் நடந்து முடித்தோம்.

முதல் நாள்: ஹந்தானையிலிருந்து கலஹா

ஹந்தானையில் 1925 ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்று இப்போது தேயிலை நூதனசாலையாக விளங்குகிறது. அதன் அருகிலிருந்து காலையிற் புறப்பட்டோம். பைன் மரக்காடும் மானாப்புல்லும் தேயிலையும் மாறி மாறி வருகின்றன. திரும்பிப் பார்த்தால் கண்டி நகரம் கீழே பனியில் மூழ்கிக் கிடக்கிறது.

மலையேற்றம் என்றதும் மூச்சு முட்டுமென்று அஞ்சுவோர் உண்டு. ஆனால் இப்பாதையின் பெரும்பகுதி மலையை நேரே ஏறுவதில்லை. அதன் இடுப்பைச் சுற்றிச் சுற்றி மெல்ல மெல்ல உயர்கிறது. இதற்குக் காரணம் உண்டு. இது உல்லாசப் பிரயாணிக்கென வெட்டிய பாதை அன்று. தலையிற் சுமையோடு நடப்பவனும், மூட்டை ஏற்றிய மாட்டுவண்டியும், முதுகிற் கொழுந்துக் கூடையோடு வரும் பெண்ணும் போகத்தக்க சாய்வில் வெட்டிய பாதை. இன்று நம் முதுகுப்பை பாரமாகத் தோன்றாதிருக்கிறதென்றால், அன்று சுமந்தவர்களுக்காக அளந்த அளவே அதற்குக் காரணம்.

இரண்டாம் நாள்: லூல்கந்துர

கலஹாவில் இரவைக் கழித்து, மறுநாள் லூல்கந்துர நோக்கி நடந்தோம். இலங்கைத் தேயிலையின் சரித்திரம் தொடங்கிய இடம் அது. 1852 இல் ஸ்கொத்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் ரெயிலர் என்பவர், 1867 இல் இங்கே 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். இரண்டாண்டுகளின் பின்னர், 1869 இல், கோப்பியைத் தாக்கும் இலைநோய் நாட்டில் தோன்றியது. நாளடைவிற் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. அவற்றின் இடத்தைத் தேயிலை பிடித்தது. ரெயிலர் வாழ்ந்த குடிசையின் எச்சங்கள் இன்றும் அங்கே உள்ளன.

அவர் 1892 இல் இறந்தபோது, இருபத்து நான்கு தொழிலாளர்கள் இரு அணிகளாகப் பிரிந்து, தோள் மாற்றித் தோள் மாற்றி உடலைக் கண்டிவரை சுமந்து சென்றனர் என்று கூறுவர். ரெயிலரின் பெயரைக் கண்டி மகியாவ மயானத்திற் கல்லிற் காணலாம். சுமந்தவர்களின் பெயர்களை எந்தக் கல்லிலும் காணோம்.

அவர்கள் எங்கிருந்து வந்தனர்? தென்னிந்தியாவின் வறண்ட ஊர்களிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நாட்கணக்காக நடந்து வந்தவர்களின் வழியினர் அவர்கள். கொலராவும் காய்ச்சலும் வழிநெடுகப் பலரை மாய்த்தன. அதுவும் பல நாள் நடைதான்; ஆனால் அவர்கள் முதுகிலிருந்தது பொழுதுபோக்கு மூட்டை அன்று. 2023 இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை நினைந்து, பலர் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவ்வழியே மீண்டும் நடந்தனர்.

மூன்றாம் நாள்: தவலந்தன்னை

கொழுந்து நிறுக்குமிடமொன்றிற் சற்று நின்றோம். முதியவளொருத்தி எம் பைகளைப் பார்த்து, “எங்க தம்பி, இந்த மூட்டையெல்லாம் தூக்கிக்கிட்டு?” என்று வினவினாள்.

“சும்மா நடந்து பார்க்க வந்தோம், அம்மா” என்றோம்.

“நடக்கிறதுக்குன்னே வந்தீங்களா!” என்று நகைத்தாள். பின்னர், “இந்த ரோடு எங்க பாட்டன் காலத்துல வெட்டினது. நல்லாப் பார்த்துட்டுப் போங்க” என்றாள். அந்தச் சொல்லில் இருந்த உரிமையும் பெருமையும் எம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

மாலையில், கம்பளை - நுவரெலியா வீதியிலுள்ள தவலந்தன்னையை அடைந்தோம். பொதிமாட்டுக் கூட்டங்களுக்குத் ‘தவலம்’ என்று பெயர். அக்காலப் பிரயாணத்தின் நினைவு இவ்வூர்ப் பெயரில் இன்னும் ஒலிக்கிறது.

நடக்க விரும்புவோர்க்கு

சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள காலம் இப்பகுதிக்கு உகந்தது. அதிகாலையிற் புறப்படுதல் நன்று. பிற்பகலில் மூடுபனியும் மழையும் எதிர்பாராது வரும். பையிற் பாரமானவற்றை முதுகோடு ஒட்டி வைத்தாற் களைப்புக் குறையும். மாற்றுடையைப் பொலித்தீன் உறையில் இடுக. தண்ணீர், டோர்ச் லைட்டு, மழைச்சட்டை, ரொட்டியும் சம்பலும் இன்றியமையாதன. ஈரப் புல்லில் அட்டைகள் மிகுதி. நீண்ட காலுறை அணிந்து, அதன்மேற் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளலாம்.

மிக முக்கியமானது ஒன்று. 2025 நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ புயலினால் மலைநாட்டில் மண்சரிவுகள் பல நேர்ந்து, உயிர்களும் வீடுகளும் அழிந்தன. ஆகவே, செல்லும் பகுதி திறந்திருக்கிறதா என்பதை முன்னரே விசாரித்து அறிக. மழை நாளில் நமக்கு வழி அடைபடலாம். அம்மலைச் சரிவின் கீழ் லயங்களில் வாழ்வோர்க்கு உயிரே அச்சத்துக்குள்ளாகிறது என்பதையும் மறத்தலாகாது.

தோட்டத்தினூடாக நடக்கும்போது பிறர் வாசல் வழியே செல்கிறோம் என்ற எண்ணம் வேண்டும். அனுமதி கேளாது படம் எடுத்தல் தகாது. வழியிலுள்ள சிறு கடைகளிற் சாயம் அருந்துவதும், ஊரவரிடம் தங்குமிடம் பெறுவதும் அவர்களுக்கு நாம் செய்யும் கைம்மாறு.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். தோட்டங்கள் பலவற்றுக்கு ஏட்டிலுள்ள பெயர் ஒன்று, மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறொன்று. மலைகளுக்கும் ஓடைகளுக்கும் அவ்வாறே. அவை முதியோர் வாயில் மட்டுமே வாழ்கின்றன. விடுமுறையில் இவ்வழி நடப்பீர்களாயின் ஒரு கொப்பியையும் பென்சிலையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பெயர்களையும், பாதை வெட்டியவர்கள் இன்னாரென்று எவரேனும் நினைவிற் கொண்டிருந்தால் அவர்கள் பெயர்களையும் கேட்டு எழுதி வாருங்கள். மலையிலிருந்து கொண்டுவரத் தக்க பொருள் அதனினும் சிறந்தது இல்லை.