கூட்டமில்லா நாளில் தரங்கம்பாடி

செப்டம்பர் 8-இல் வேளாங்கண்ணித் திருவிழா நிறைவுற்றபின், நாகைக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள தரங்கம்பாடிக்கும் நாம் ஒருமுறை சென்றுவருவது நலம்.

தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரின் இசைவோடு 1620-இல் டேனியர் இங்கே டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கினர். 1845-இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். கோட்டையும் நகர வாயிலும் இன்றும் நிற்கின்றன.

டென்மார்க் அரசர் அனுப்பிய லூத்தரன் போதகர் சீகன்பால்க் 1706-இல் இங்கு வந்து தமிழ் கற்றார். டேனிய ஆளுநரே அவரை நான்கு மாதம் சிறை வைத்தார். ஆயினும் அவர் மனம் தளரவில்லை. அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714-15 ஆண்டுகளில் இங்கு அச்சேறியது. தமிழில் முழுமையாக அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுவே. 1719-இல் இறந்த அவர், தாம் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கூட்ட நாளில் கோட்டையைப் பார்த்துப் படமெடுத்துத் திரும்பிவிடுவோம். அமைதியான நாளில்தான் கல்லறை வாசகங்களை நின்று வாசிக்க முடியும். 'இது நம் சபையாரின் ஊர் அல்லவே' என்று கடந்துபோக வேண்டாம். நம் இல்லங்களில் உள்ள திருவிவிலியம், நாமும் பிரிந்த சகோதரர்களும் இணைந்து 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு. அந்த நெடிய உழைப்பின் தொடக்க காலச் சுவடுகள் இங்குள்ளன. அங்கே துயில்வோருக்காக நாமும் செபிப்போம்.