நுண்துளைப் பரப்பின் வளைமை: அளவீடும் சொல்லாக்கமும்

துளை என்பது பொருளின் இன்மை. எனினும் அதற்கு எல்லைப் பரப்பு உண்டு. அப்பரப்பு எங்கே எவ்வளவு வளைந்துள்ளது என்பதைப் பட உருவாக்கத்தின் வழி அளக்கும் முறை, பாறை, எலும்பு, உணவுப்பொருள் ஆகியவற்றின் ஆய்வில் பயன்படுகின்றது. 1950இல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும், 1969இல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் மைசூரில் நிறுவப்பெற்றன. உணவறிவியலும் மொழியியலும் அருகருகே பயிலப்பெறும் அந்நகரின் பெயரைத் தாங்கிய மைசூர்பாகே இங்கு எடுத்துக்காட்டாகப் பொருந்தும்.

கொதிக்கும் பாகும் கடலைமாவும் கலந்த கலவையில் சூடான நெய்யை ஊற்றும்போது நீர் ஆவியாகிக் குமிழிகள் எழுகின்றன. கலவை இறுகும்போது அவை துளைகளாக நிலைபெறுகின்றன. வில்லையை வெட்டினால் வட்டங்களும் நீள்வட்டங்களும் தோன்றும். அவற்றை மட்டும் கொண்டு வளைமையைக் கணித்தல் பிழையாகும். 0.5 மி.மீ. ஆரமுள்ள கோளத்துளையை மையத்திலிருந்து 0.3 மி.மீ. தள்ளி வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் ஆரம் 0.4 மி.மீ. ஆகும். உண்மை வளைமை மி.மீ.க்கு 2, வெட்டுமுகம் காட்டுவதோ 2.5. மேலும், இரு துளைகளை இணைக்கும் கழுத்தும் குறுக்கே வெட்டினால் வட்டமாகவே தோன்றும்.

ஆதலின் முப்பரிமாணப் படம் வேண்டப்படுகின்றது. 1980களில் உருப்பெற்ற எக்ஸ்-கதிர் நுண்தள வரைவியலில், பொருளைப் பல கோணங்களில் படமெடுத்துக் கணிப்பொறி முப்பரிமாணக் கட்டங்களாக அமைத்துக்கொள்கின்றது. கட்டங்களின் ஓரம் படிக்கட்டுப்போல் இருத்தலால் பரப்பை மழமழப்பாக்கிய பின்னரே வளைமை கணிக்கப்படும். மழமழப்பு மிகுந்தால் உண்மையான வளைவும் மறையும். கட்டத்தின் அளவு 10 மைக்ரோமீட்டர் எனில், 500 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துளை நன்கு அளவிடப்பெறும். 20 மைக்ரோமீட்டர் ஆரமுள்ளதன் ஆரத்திற்கு இரண்டு கட்டங்களே அமையும் என்பதால் அதன் வளைமையை நம்புதற்கில்லை.

இனிச் சொற்கள். பாடநூல்களில் 'வளைவு ஆரம்' பயில்கின்றது. எனினும் 'வளைவு' வடிவத்தையும் சுட்டுமாதலின், அளவைக் குறிக்க 'வளைமை' என்பதே ஏற்றது. பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் இரு முதன்மை வளைமைகள் உள. அவ்விரண்டின் சராசரியைச் 'சராசரி வளைமை' எனப் பெயர்த்தால், மாதிரி முழுவதற்குமான சராசரி எனப் படிப்போர் பொருள்கொள்வர். அறிக்கையின் எண்கள் தலைகீழாகப் புரியப்படும். 'இடைவளைமை' எனல் இம்மயக்கத்தைத் தவிர்க்கும். முதன்மை வளைமைகளின் பெருக்கற்பயன் கௌஸ் வளைமை. 1827இல் கௌஸ் இதனை ஆராய்ந்து வெளியிட்டார்.

குறியீட்டுச் சிக்கல் இன்னும் நுட்பமானது. துளையை உருவாகக் கொண்டால் அது குவிந்தது. துளைக்குள்ளிருந்து சுவரை நோக்கினால் அது குழிந்தது. எந்தப் பக்கம் நேர்த்திசை என மூலநூலார் கொண்டாரோ அதற்கேற்ப இடைவளைமையின் நேர், எதிர்க் குறி மாறும். கௌஸ் வளைமையின் குறி மாறாது. ஆகவே 'குழிவு', 'குவிவு' எனப் பெயர்க்கும் முன் நூலாசிரியரின் நேர்த்திசையைத் தேடிக் கண்டறிதல் மொழிபெயர்ப்பாளரின் கடமை. அது கூறப்படாதவிடத்து, 'துளையின் உட்புறத்திலிருந்து' என்னும் அடைமொழியைச் சேர்த்தலே நலம்.

கழுத்துப் பகுதி ஒரு திசையில் ஒருபுறமும் மற்றத் திசையில் எதிர்ப்புறமும் வளைந்திருத்தலால் அங்குக் கௌஸ் வளைமை எதிர்க்குறி பெறும். குதிரைச் சேணத்தின் வடிவு இது, 'சேணப்பரப்பு' எனலாம். மூடிய தனித்துளையின் பரப்பு முழுதும் கௌஸ் வளைமையைக் கூட்டினால், துளை பெரிதாயினும் சிறிதாயினும், கோளம் போன்ற துளைக்குத் தொகை 4π ஆகும்; வளையம்போல் சுற்றி இணைந்த துளைக்குச் சுழியம். துளைகள் தனித்தனியே மூடியிருக்கின்றனவா, ஒன்றோடொன்று இணைந்து ஈரத்தை உள்ளே விடுகின்றனவா என்பதை ஆய்வாளர் இத்தொகையினின்றே உய்த்துணர்கின்றனர். மொழிபெயர்ப்பில் குறி பிறழுமாயின், மூடிய துளைகளுடைய உணவு இணைந்த துளைகளுடையதாகத் தமிழில் எழுதப்பெறும்.