எந்தக் கம்பெனி?

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நிற்பவரிடம் என்ன வேலை என்று கேட்டால், "கம்பெனி" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும். கேட்டவர் உள்ளூர்க்காரர் என்றால் அதிலேயே பாதி விவரம் புரிந்துவிடும். "எந்தக் கம்பெனி?" என்று மீதியைக் கேட்டுக்கொள்வார். பெண் பார்க்கப் போகிற இடத்திலும் இதே கேள்விதான், வாடகைக்கு வீடு கேட்கிற இடத்திலும் இதே கேள்விதான். சென்னைக்காரர் காதில் கம்பெனி என்று விழுந்தால் கண்ணாடிக் கட்டடமும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும் நினைவுக்கு வரலாம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் அது ஷூ தைக்கிற இடம். தோல் பதனிடுகிற இடத்துக்கு டேனரி, தோல் கம்பெனி என்று தனிப் பெயர்கள் உண்டு. மொட்டையாகக் கம்பெனி என்றால் பெரும்பாலும் ஷூ கம்பெனிதான்.

அந்தச் சொல்லோடு ஒட்டி வரும் சொற்களைக் கவனியுங்கள். கம்பெனி வேன், கம்பெனி கேட், கம்பெனி லீவு. "கம்பெனிக்குப் போயிருக்கா." "கம்பெனி உட்டாச்சா?" "என் தங்கச்சியையும் கம்பெனியில சேத்து உடுக்கா." இவை எல்லாவற்றிலும் கம்பெனி ஓர் இடம். உள்ளே போகலாம், வெளியே வரலாம், மழை பெய்தால் கூரை ஒழுகும். இங்கிலீஷ்காரர் இதை ஃபேக்டரி என்பார். அவருடைய கம்பெனிக்குக் கூரை கிடையாது. அது பதிவேட்டில் இருக்கும் ஒரு பெயர், இல்லாவிட்டால் கூட இருக்கும் ஆட்கள். சொல்லைக் கொடுத்தது அவர்கள், நான்கு சுவர் எழுப்பியது நாம்.

கூட இருக்கும் ஆட்கள் என்பதுதான் அதன் மூலப் பொருள். லத்தீனில் 'கோம்' என்றால் உடன், 'பானிஸ்' என்றால் ரொட்டி. ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்பவர்கள் கூட்டாளிகள். அவர்கள் சேர்ந்தால் கம்பெனி. கிட்டத்தட்ட நம் கூட்டாஞ்சோறு. அங்கிருந்து கிளை பிரிந்து சொல் பல வேலைக்குப் போயிருக்கிறது. வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் இங்கிலீஷில் கம்பெனி, கப்பலில் உள்ள மாலுமிகள் மொத்தமும் கம்பெனி, பட்டாளத்தில் ஒரு பிரிவும் கம்பெனி. ஒருவன் எத்தகையவன் என்பதை அவன் வைத்திருக்கும் கம்பெனியைக் கொண்டு சொல்லலாம் என்பது அவர்கள் பழமொழி. வள்ளுவர் 'சிற்றினம் சேராமை' என்று ஓர் அதிகாரமே வைத்த விஷயம் அது. சேர்க்கை, சகவாசம், துணை, கூட்டு என்று நாம் ஆளுக்கேற்றபடி பிரித்துச் சொல்வதை அவர்கள் ஒரே பையில் போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

நம்மிடம் அந்தப் பை வந்து சேர்ந்தபோது உள்ளே ரொட்டி இல்லை. 1600 டிசம்பர் 31 அன்று லண்டனில் சாசனம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, 1639இல் சென்னையில் இடம் பிடித்தது. தமிழன் நாவில் அது 'கும்பினி' ஆனது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்கும் தனியாக ஒரு கும்பினி இருந்தது. ஆம்பூர் தன் முதல் கம்பெனியைப் பார்த்தது பிரெஞ்சுப் பக்கத்திலிருந்துதான் என்று சொல்லலாம். 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூரில் நடந்த போரில், ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான், சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுப் படையும் சேர்ந்த கூட்டணியை எதிர்த்து மாண்டார். 1767இல் ஹைதர் அலி ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டபோது உள்ளேயிருந்து தாக்குப்பிடித்தது இங்கிலீஷ் கும்பினியின் படை. வியாபாரம் செய்ய வந்த பெயர் இந்த ஊரில் துப்பாக்கியோடுதான் அறிமுகமாயிற்று.

அதைவிட முக்கியமான சங்கதி வேலூர்க் கோட்டையில் நடந்தது. அதற்கும் தோலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1805 நவம்பரில் சென்னைப் படைத் தளபதி ஜான் கிராடாக் ஓர் உடை விதியைக் கொண்டுவந்தார். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையைக் கத்தரிக்க வேண்டும், கடுக்கன் கூடாது. தலைப்பாகைக்குப் பதிலாக வட்டத் தொப்பியை ஒத்த ஒன்று. அதன் முன்பக்கம் தோலில் செய்த ஒரு குஞ்சம். மாட்டுத் தோலா, பன்றித் தோலா என்ற சந்தேகம் இந்துச் சிப்பாயையும் முஸ்லிம் சிப்பாயையும் ஒருசேரச் சுட்டது. 1806 மே மாதத்திலேயே தொப்பியை மறுத்தவர்களுக்குக் கசையடித் தண்டனை விழுந்தது. இருவருக்குத் தலா 900 அடி.

ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. சிப்பாய்கள் ஏறத்தாழ 1,500 பேர். எதிரே தூங்கிக்கொண்டிருந்தது 69ஆவது ரெஜிமென்டின் நான்கு கம்பெனிகள். ஆமாம், அவையும் கம்பெனிகள்தான். கும்பினியை எதிர்த்த சிப்பாய் சுட்டது கம்பெனியை. ஒரே வாக்கியத்தில் அந்தச் சொல் இரண்டு பொருளில் நிற்கிறது. கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகளை முன்னிட்டு மைசூரின் புலிக்கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து அன்று காலையே கோட்டையை மீட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் உள்ளேயே கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டு கிராடாக்கும் ஆளுநர் பென்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். தொப்பி உத்தரவும் போயிற்று. பட்டாளப் பொருள் மட்டும் இன்றைக்கும் தேர்தல் வந்தால் செய்தித்தாளில் தலைகாட்டும்: துணை ராணுவம் இத்தனை கம்பெனி வருகை.

நம் மொழி அந்தக் கும்பினிக்கு விகுதியும் சேர்த்தது. மனு எழுதுகிறவர் கும்பினியார் என்பார், திட்டுகிறவர் கும்பினியான் என்பார். ஆரும் ஆனும் மனிதருக்கு வரும் விகுதிகள். கண்ணால் காணாத ஒரு வியாபாரச் சங்கத்தை மரியாதைக்கும் வசவுக்கும் உரிய ஆளாக மாற்ற நமக்கு வக்கீல் தேவைப்படவில்லை.

இங்கிலாந்தில் அதற்கு வழக்கு வேண்டியிருந்தது. சட்டக் கல்லூரியில் காலடி வைத்த எல்லோரும் படிக்கும் வழக்கு அது, மேல்முறையீடு செய்தவர் ஒரு பூட்ஸ் வியாபாரி! ஆம்பூர்க்காரர்கள் இதற்காகவாவது அவரை நினைவில் வைத்துக்கொள்ளலாம். லண்டன் வைட்சேப்பலில் தோல், பூட்ஸ் தொழில் செய்த ஆரன் சாலமன், 1892இல் தன் கடையை லிமிடெட் கம்பெனியாக்கினார். ஏழு பங்குதாரர்கள் வேண்டும் என்றது சட்டம். மனைவி, மகள், நான்கு மகன்கள் ஆகியோருக்கு ஆளுக்கொரு பங்கு. மீதி 20,001 பங்கும் அவருக்கு. சீக்கிரமே கம்பெனி நொடித்தது. கடனை சாலமன்தான் கட்ட வேண்டும், கம்பெனி என்பது வெறும் வேஷம் என்றார்கள் கீழ்க் கோர்ட்டு நீதிபதிகள். 1896 நவம்பரில் பிரபுக்கள் சபை தீர்ப்பைப் புரட்டியது. கம்பெனி வேறு ஆள், சாலமன் வேறு ஆள். அதன் கடன் அவர் கடன் ஆகாது. உலகில் பாதி வியாபாரம் இன்று அந்தச் செருப்பின் மேல்தான் நடக்கிறது.

கம்பெனி என்ற அந்த ஆயுதத்தைத் தமிழன் எடுத்துச் சுழற்றவும் அதிக காலம் ஆகவில்லை. வேலூர்ப் புரட்சிக்குச் சரியாக நூறு வருடம் கழித்து, 1906 அக்டோபரில் வ.உ.சி. தூத்துக்குடியில் பதிவு செய்தது சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். வேலூர்ச் சிப்பாய் துப்பாக்கி தூக்கினான். பிள்ளைவாள் பங்குப் பத்திரம் அச்சடித்தார். வெள்ளைக்காரனுக்கு இரண்டாவதுதான் அதிகம் எரிந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1858இல் ஆட்சியை இழந்து 1874இல் சட்டப்படியும் கலைந்தது. தோல் மண்டியில் மட்டும் அதன் பெயர் சாகவில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தென்னிந்தியத் தோலுக்கு உலகச் சந்தையில் 'ஈ.ஐ.' என்று பெயர். ஈஸ்ட் இந்தியா என்பதன் சுருக்கம். புவிசார் குறியீடும் அந்தப் பெயரிலேயே வாங்கியிருக்கிறோம். யாரை விரட்டினோமோ அவருடைய இரண்டு எழுத்து நம் தோலில் முத்திரையாக இருக்கிறது.

இந்த வட்டாரத்துத் தோல் வணிகர்கள் தலைமுறையாகக் கடைப் பலகையில் எழுதி வந்தது 'அண்ட் கோ'. டி. அப்துல் வாகித் அண்ட் கோ, என்.எம். ஜக்கரியா அண்ட் கோ என்று ஆம்பூரின் பழைய பெயர்கள் அப்படித்தான் ஒலிக்கும். வால் இருப்பதாலேயே எதுவும் சட்டத்தின் கண்ணில் கம்பெனி ஆகிவிடாது. அண்ணன் தம்பி கூட்டுச் சேர்ந்த பங்காளி வியாபாரத்துக்கும் அந்த வாலைப் போடலாம். ரொட்டி பங்கிட்ட பழைய பொருள் பார்த்தால் பங்காளி வியாபாரம்தான் அசல் கம்பெனி. பங்காளி என்றால் சண்டையும் சேர்த்துதான் என்பது வேறு கதை.

டேனரி ஊர் கம்பெனி ஊராக மாறியது 1970களுக்குப் பிறகு. தோல் தொழில் பற்றிய சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1973 முதல் பச்சைத் தோலும் பாதி பதனிட்ட தோலும் அப்படியே ஏற்றுமதியாவதை அரசு கட்டுப்படுத்தியது. முழுதாகப் பதனிட்டு அனுப்பு, முடிந்தால் செருப்பாக்கி அனுப்பு என்பது கணக்கு. முதலில் ஷூவின் மேல்பாகமான அப்பர், பிறகு முழு ஷூ. டேனரிக்குள் சுண்ணாம்புக் குழியில் நின்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள்; தையல் மிஷின் வந்ததும் பெண்கள் வந்தார்கள். கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங் என்று இங்கிலீஷ் வினைச்சொற்கள் கிராமத்து வீடுகளில் உறவுமுறை போலப் புழங்கத் தொடங்கின. "கம்பெனிக்குப் போறா" என்பது ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லும் சாதாரண வாக்கியம் ஆனது அப்போதுதான்.

ஊருக்குள் இறங்கிய சொல் அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. கம்பெனி சரக்கு என்றால் அசல், லோக்கல் என்றால் சந்தேகம். விலை பேசும்போது தள்ளுவண்டிக்காரர் "கம்பெனிக்குக் கட்டுப்படியாகாதுங்க" என்பார். கம்பெனி அவரேதான், மூலதனம் ஒரு தராசு. சாலமனுக்குப் பிரபுக்கள் சபை கொடுத்ததை அவர் தானே எடுத்துக்கொள்கிறார். எம்.ஜி.ஆர். சிறுவயதில் சேர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. நாடகக் குழுவுக்கும் அதே பெயர் செல்லுபடியானது. டீ வேண்டாதவரை டீக்கடைக்கு இழுக்க "சும்மா கம்பெனி குடுப்பா" போதும். இந்தக் கடைசிப் பொருள் மட்டும் இங்கிலீஷிலிருந்து சேதமில்லாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

சட்டம் உருவாக்கிய கம்பெனி என்ற ஆளுக்கு முதுகு கிடையாது, கசையடி கொடுக்க முடியாது. கொடுக்க முடிந்தது அபராதம். டேனரிக் கழிவால் பாலாறு கெட்டதற்காக வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதிப்படுத்தியது. பாலாற்றங்கரைக் கிணறுகளைப் பற்றி எழுத வேறொரு கட்டுரை வேண்டும்.

கம்பெனியின் கேட்டுக்கு வெளியேயும் கம்பெனி வேலை நடக்கிறது. ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில், அப்பரைக் கையால் கோத்துத் தைக்கும் வேலை வீட்டுத் திண்ணைக்கே வரும். மூட்டையில் வரும், மூட்டையில் போகும், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. பி.எஃப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை, வேன் இல்லை. "எந்தக் கம்பெனி?" என்று ஆம்பூர்க் கேள்வியை அங்கே கேட்டால் பெயர் வராது. ஏஜென்ட் அண்ணன் கொண்டுவருகிறார், அவ்வளவுதான். பிராண்டு முத்திரை அதற்குப் பிறகு வேறெங்கோ குத்தப்படும். ஊசி விரலில் ஏறாமல் இருக்கத் துணி சுற்றிக்கொண்டு நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து தைப்பார்கள். வேலை கிடைக்காத நாளில் எதிர்வீட்டு அம்மா வெறுங்கையோடு வந்து அந்த வட்டத்தில் உட்காருவார். என்னம்மா, உங்களுக்கு மூட்டை வரலையா என்றால், வரலை, சும்மா கம்பெனிக்கு வந்தேன் என்பார்.