விதையினின்று எழும் கிறிஸ்துமஸ் மரம்

பர்மாத் தேக்கைக் கடல்வழிக் கொணர்ந்து மாளிகை சமைத்தது செட்டிநாடு. அம்மாளிகைகளின் தோட்டத்திற்கு அணிசெய்யத்தக்க அயல்நாட்டு மரம் ஒன்றுண்டு. நம்மவர் கிறிஸ்துமஸ் மரம் என வழங்கும் அராக்கேரியாவே அது. 1774-ஆம் ஆண்டில் காப்டன் குக் கண்ட நார்போக் தீவு இதன் தாயகம். ஆங்கு 150 அடிக்கு மேலும் இஃது ஓங்கி நிற்கும்.

இதன் பக்கக் கிளையை நட்டால், வேர் கொள்ளினும் நிமிர்ந்து வளராது. கிளையின் இயல்பு மாறாமல் பக்கவாட்டிலேயே நீளும். ஆதலின் நேரிய மரம் விரும்புவோர் விதையையே நாடுதல் வேண்டும்.

இவ்விதை நெடுநாள் உயிர் தாங்காது. உலர்ந்தால் முளைக்கும் ஆற்றலை இழக்கும். எனவே புதுவிதையை, மணலும் இலைமக்கும் கலந்த தொட்டியில், கூர்முனை கீழாகப் பாதி அழுந்துமாறு ஊன்றுக. ஈரம் குன்றலாகாது, நீர் தேங்கினால் வேர் அழுகும். காரைக்குடியின் கோடை வெயில் இளங்கன்றைக் கருக்குமாதலால், முதற் சில ஆண்டுகள் தொட்டியிலேயே நிழலில் வளர்த்து, பின்னர் ஐப்பசி மழையில் வீட்டிற்குச் சேய்மையில் நடுக. உச்சிக் குருத்து ஒடிந்தால் மரத்தின் வடிவம் கெடும். அதனைக் கண்போற் காக்க.

நட்டவர் இதன் முழு உயரத்தைக் காண்டல் அரிது. காண்போர் அவர்தம் பேரரே. அதற்கு இசைந்த உள்ளமுடையோரே இவ்விதையை ஊன்றத் தக்கார்.