விட்டு விட்டு வரும் இணைப்பு

அடியோடு நின்றுவிட்ட கருவியின் பழுதைக் காண்பது எளிது. விட்டு விட்டு இயங்கும் கருவியே நம்மை ஏய்ப்பது. வீட்டு ரூட்டரும் அத்தகையதே. கல்லூரி விண்ணப்பத்தை அனுப்பும் கடைசி நிமிடத்தில் இணைப்பு அறுந்தால், உடனே அதை அணைத்துப் போடுகிறோம். இணைப்பு மீளும், காரணமோ மறைந்துவிடும்.

மாணவ நண்பர்களே, முதலில் அறிய வேண்டியது, குறை கம்பியிலா காற்றிலா என்பது. கணினியை ரூட்டருடன் கம்பியால் நேரே இணைத்துப் பாருங்கள். அப்போதும் அறுந்தால், குறை பெரும்பாலும் ரூட்டரிலோ, வெளியிலிருந்து வரும் இழையிலோ இருக்கும். அறாவிடில் வைஃபை அலைகளையே ஐயுற வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அண்டை வீட்டு ரூட்டர்களும் பயன்படுத்துகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவது. சோறு சூடாகும் வேளையில் பாடம் தடைப்படுவது தற்செயல் அன்று! அவ்வரிசையில் 1, 6, 11 ஆகிய மூன்று தடங்கள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. அவற்றுள் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கலாம். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் அடுப்பின் தொல்லை இராது. ஆனால் அவ்வலை சுவர்களைக் கடக்கையில் விரைவில் மெலியும்.

அறுந்த நேரம், அப்போது அணைந்திருந்த விளக்கு, மழை பெய்ததா என்பவற்றை ஒரு தாளில் குறித்து வையுங்கள். பழுது பார்ப்பவர் வரும்போது இணைப்பு ஒழுங்காகவே இருக்கும். அவரிடம் காட்ட அத்தாள் ஒன்றே சான்று.